கருவிழந்த பெண்ணும் ஊரார் நாவும்

திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா மூன்று காரியங்களை அடுத்தடுத்து விலக்குகிறான். முதலாவது, பிறரைப் பற்றிய வீண் ஊகம். இரண்டாவது, அவர்களுடைய மறைவான விஷயங்களைத் துருவிப் பார்ப்பது. மூன்றாவது, புறம் பேசுவது. இவ்வரிசையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஊகம் மனத்தில் விழுகிறது. அது மெய்தானா என்று அறியத் துருவத் தோன்றுகிறது. துருவிக் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் வாய் திறந்துகொள்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் கர்ப்பம் பாதியில் முடிந்துவிட்டது என்ற செய்தி கசிந்ததும், அத்தெருவில் இம்மூன்றும் இதே வரிசையில் நடந்தேறுவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

எங்கள் மேலநீலிதநல்லூர் போன்ற கரிசல்காட்டு ஊர்களில் ஒரு பெண்மணி சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அஸருக்குள் அது ஊருக்குத் தெரிந்துவிடும். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னும் பெரிய செய்தி. திரும்பி வந்த அன்று மாலையே, "எத்தனை மாசம்? தானா கலைஞ்சதா, கலைச்சதா?" என்ற கேள்வி திண்ணைக்கு வந்துவிடும். கலைந்தது, கலைத்தது என்ற இரு சொற்களுக்கும் நம் மொழியில் ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த ஓரெழுத்தில் ஒரு பெண்ணின் மானம் தொங்குகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டு அனுப்பியிருந்தார். ஊர், பேர் இங்கு வேண்டாம். அவருடைய மகளுக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கின்றனர். மூன்றாம் மாதத்தில் டாக்டரிடம் சென்று கர்ப்பத்தைக் கலைத்துவிட்டார்கள். காரணத்தை அவர் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன் பின்னர், 'கொலைகாரிக்குத் தொழுகை கபூலாகாது' என்று தொழுகையாளியான ஒரு பெண்மணியே சொல்லிவிட்டாராம். பெண்கள் தஃலீமுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர் விலகி உட்காருகிறாராம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பச்சைப் பிள்ளையைக் கையில் கொடுப்பதில்லையாம். மகள் இப்பொழுது தஃலீமை விட்டாள், பின்பு தொழுகையையும் விட்டாள். 'அவளுக்குத் தவ்பா உண்டா ஹழ்ரத்?' என்பதே கேள்வி. அவளுடைய கணவர் ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நிற்பதாகவும், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றும் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது.

தவ்பா உண்டு. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் இக்கேள்வி அந்த ஒரு வீட்டோடு நிற்பதன்று. 2015ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கலாம் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆய்வு நடந்த ஆறு மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று. இவ்வளவு பெரிய கணக்கில் நம் மஹல்லாக்கள் மட்டும் விலகி நிற்கின்றன என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கருவைப் பற்றிய சட்டம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கரு என்பது வெறும் இரத்தக்கட்டி, அதை எப்பொழுது வேண்டுமானாலும் எறிந்துவிடலாம் என்பது மார்க்கத்தின் கூற்றல்ல. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருமறை 17:31இல் வன்மையாகத் தடுக்கிறது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை, எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டது என்று மறுமையில் விசாரிக்கப்படும் என்பதை 81ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டனர். ஒருத்தி எறிந்த கல் மற்றவளின் வயிற்றில் பட்டுச் சிசு இறந்துபோயிற்று. சிசுவுக்கு ஈடாக ஓர் அடிமையை, ஆணையோ பெண்ணையோ, கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இதற்குத்தான் 'குர்ரா' என்று பெயர். அப்பொழுது ஒருவர், உண்ணாத, பருகாத, அழாத ஒன்றுக்கு எப்படி நஷ்டஈடு கொடுப்பது என்று எதுகை மோனையுடன் வாதாடினார். அவருடைய பேச்சை, குறிகாரர்களின் பேச்சைச் சேர்ந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அழாத சிசுவுக்கும் உரிமை உண்டு என்பது இதனின்று விளங்கும்.

எனினும், எல்லாக் கர்ப்பங்களும் எல்லா மாதங்களிலும் ஒரே சட்டத்துக்குள் அடங்குவன அல்ல. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான ஹதீஸில், மூன்று நாற்பதுகள் கழிந்த பின் மலக்கு அனுப்பப்பட்டு ரூஹ் ஊதப்படுகிறது என்று வருகிறது. ஆகவே 120 நாட்கள் என்ற எல்லையை ஃபுகஹாக்கள் கொண்டனர். அதற்குப் பின் கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன்புள்ள காலத்தில்தான் வேறுபாடு. மாலிகீ மத்ஹபினர் மிகவும் கடுமை காட்டுவர். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள், உண்டாகிவிட்ட ஒன்றின் மீது செய்யும் குற்றம் என்று இதைக் கொள்கிறார்கள். நிலை மாற மாறக் குற்றமும் கனத்துக்கொண்டே போகும் என்பது அன்னவர்களின் விளக்கம். ஹனஃபீ மத்ஹபில் இப்னு வஹ்பான் (ரஹ்) போன்றோர், தக்க காரணம் இருந்தால்தான் அனுமதி என்று வரையறுத்தனர். இதனை எடுத்தெழுதும் திமிஷ்க் நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் காட்டும் உதாரணம் கவனிக்கத்தக்கது. மடியில் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது, கர்ப்பம் தரித்ததும் தாயின் பால் வற்றிவிடுகிறது, பாலூட்டும் தாயை அமர்த்தத் தகப்பனிடம் வசதி இல்லை, குழந்தை இறந்துவிடும் என்ற அச்சம். இந்த நிலையை அவர்கள் ஒரு காரணமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஏழை வீட்டு அடுப்படி வரை வந்து பார்த்து எழுதிய சட்டம் இது. காரணமே இல்லாமல் கலைப்பதற்கு இதில் இடமில்லை. அப்படிச் செய்தவர் பாவியாவார் என்றே அவர்களும் கூறுகிறார்கள்.

மக்காவில் 1990 பிப்ரவரியில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, சிசுவுக்குச் சிகிச்சையால் தீராத கடுமையான அங்கக் குறைபாடு உண்டு என்று நம்பகமான நிபுணர் குழு உறுதி செய்தால், பெற்றோர் விரும்பினால், 120 நாட்களுக்கு முன் கலைக்கலாம் என்று முடிவு கூறியது. அந்நாட்கள் கடந்துவிட்டால் குறைபாடு காரணமாகாது. தாயின் உயிருக்கு நிச்சயமான ஆபத்து இருந்தால் மட்டுமே அனுமதி. அஸ்ஹரின் ஷைகாக இருந்த மஹ்மூத் ஷல்தூத் அவர்களும், கர்ப்பம் நீடித்தால் தாய் இறப்பாள் என்பது உறுதியானால் தாயைக் காப்பதே கடமை என்று எழுதினார்கள். தாய் வேர், சிசு கிளை. கிளைக்காக வேரை வெட்டுவதில்லை என்பது அவர்கள் காட்டிய நியாயம்.

இங்கே ஒரு கணக்கை நம் வீடுகளில் அறிந்து வைத்திருப்பது நல்லது. 120 நாள் என்பது 17 வாரமும் ஒரு நாளும். ஆனால் டாக்டர்கள் கர்ப்பத்தின் வாரங்களைக் கரு தரித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக ஹைளு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அது கரு தரிப்பதற்குச் சுமார் இரண்டு வாரம் முந்திய நாள். ஆகவே மார்க்கக் கணக்கில் 120 நாள் என்பது டாக்டர் சீட்டில் ஏறத்தாழ 19 வாரம் ஆகும். சிசுவின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கப்படுவதோ 18 முதல் 20 வாரத்தில். மண்டையோடு வளராத சிசு போன்ற சில பெருங்குறைகளை 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே கண்டுவிடலாம். மற்றவை பின்னர்தான் புலப்படும். அப்படியானால் ஒரு தாய்க்கு அந்தச் செய்தி எந்த நாளில் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்லை முடிய மூன்று நாளோ நான்கு நாளோ இருக்கும். சில வேளைகளில் எல்லை கடந்தே போயிருக்கும். அந்தச் சில நாட்களுக்குள் டாக்டரைக் கேட்டு, ஆலிமைக் கேட்டு, அழுது, இஸ்திகாரா தொழுது ஒரு தம்பதி முடிவெடுத்திருக்கலாம். திண்ணையில் இருப்பவருக்கு இதில் எந்த வாரம் தெரியும், எந்த ஸ்கேன் தெரியும்?

கருக்குழாயில் தரித்த கர்ப்பம் இருக்கிறது. விட்டுவைத்தால் குழாய் வெடித்துத் தாய் மடிவாள். முத்துப்பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வது இருக்கிறது. அதில் பிள்ளை வளராது, சுத்தம் செய்தே ஆக வேண்டும். தானாகக் கலைந்து மீதி தங்கிவிட்டாலும் அதே சுத்தம்தான் செய்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். கர்ப்பம் முடிந்தது என்றாலே ஒழுக்கக்கேடு என்று எண்ணுவோர், கணவனோடு வாழும் பெண்ணையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு கொடுமை. ஸினாவைப் பற்றி நான்கு சாட்சிகள் இன்றிப் பேசுவோருக்கு ஸூரத்துந் நூரில் கூறப்பட்டுள்ள தண்டனை எண்பது கசையடி என்பதை மட்டும் இங்கு ஞாபகப்படுத்துகிறோம்.

நாவைப் பற்றிய சட்டம்

'இல்லாததையா சொல்கிறோம், நடந்ததைத்தானே சொல்கிறோம்' என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை ஸஹாபாக்களே கேட்டுவிட்டார்கள். உன் சகோதரனைப் பற்றி அவன் வெறுக்கும் ஒன்றைக் கூறுவதே புறம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியபோது, சொல்வது அவரிடம் உள்ளதாகவே இருந்தாலுமா என்று வினவப்பட்டது. இருந்தால் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்று அன்னவர்கள் பதிலளித்தார்கள். உண்மையாக இருப்பது புறத்துக்குச் சாக்கு அல்ல. உண்மையாக இருந்தால்தான் அதற்குப் புறம் என்றே பெயர்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் காமிதிய்யாப் பெண்ணின் சம்பவத்தை நம் பயான்களில் தண்டனையின் கடுமைக்காகச் சொல்வார்கள். நாம் வேறொன்றுக்காகச் சொல்கிறோம். அப்பெண் தன் பாவத்தைத் தானே ஒப்புக்கொண்டு, தன்னைத் தூய்மைப்படுத்தும்படி கேட்டு வந்தாள். வயிற்றில் பிள்ளை. பிரசவிக்கும் வரை போய் வா என்று அனுப்பப்பட்டாள். பிரசவித்து வந்தாள். பால் மறக்கும் வரை போய் வா என்று மறுபடியும் அனுப்பப்பட்டாள். குழந்தையின் கையில் ரொட்டித் துண்டுடன் மூன்றாம் முறையாக வந்தாள். பின்னரே தண்டனை நிறைவேறிற்று. அப்பொழுது அவளுடைய இரத்தம் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் முகத்தில் தெறித்தது, அவர்கள் அவளை ஏசினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உடனே தடுத்தார்கள். அவள் செய்த தவ்பாவை, அநியாய வரி வசூலிப்பவன் செய்திருந்தாலும் அவன் மன்னிக்கப்பட்டிருப்பான் என்றார்கள். அவளுக்கு ஜனாஸாத் தொழுகையும் நடந்தது.

ஒரே சம்பவத்தில் இரண்டு உரிமைகள் காக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றிலிருந்த சிசுவின் உரிமைக்காக அல்லாஹ்வின் தண்டனையே இரு முறை தள்ளிப்போயிற்று. அப்பெண்ணின் மானத்துக்காக, இஸ்லாத்தின் மாபெரும் தளபதியின் நாவே தடுக்கப்பட்டது. கருவின் உரிமையைப் பேசுகிறேன் என்று பெண்ணின் மானத்தைக் கிழிப்பவர் இந்த ஹதீஸில் பாதியை மட்டுமே படித்தவர். சட்டப்படி தண்டிக்கப்பட்டவளையே ஏசக்கூடாது என்றால், என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்றே தெரியாத ஒருத்தியை ஏச யாருக்கு உரிமை வந்தது?

மது அருந்திய ஒருவர் அடிக்கப்பட்டபோது, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று சிலர் கூறினர். அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாகப் புகாரீயில் காண்கிறோம். ஷைத்தானுக்கு உதவுவது எப்படி என்பதற்கு மேலே கூறிய கடிதமே சாட்சி. அந்த மகள் கருவைக் கலைத்த அன்று தொழுகையை விடவில்லை. உன் தொழுகை கபூலாகாது என்று தொழுகையாளி ஒருவர் சொன்ன பின்னரே விட்டாள். இப்பொழுது அவளுடைய களாத் தொழுகைகளில் அப்பெண்மணியின் பங்கு எவ்வளவு என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

'நாம் கண்டிக்காவிட்டால் மற்றப் பெண்களுக்குத் துணிவு வந்துவிடாதா?' என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கருக்கலைப்பு கேட்பாரற்ற காரியமாகிவிடக் கூடாது என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. ஆனால் உபதேசம் வேறு, இழிவுபடுத்துவது வேறு. இமாம் இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் இவ்விரண்டின் வேறுபாட்டுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார்கள். முஃமின் மறைத்து உபதேசிப்பான், பாவி அம்பலப்படுத்தி இழிவுபடுத்துவான் என்பது ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் கருத்து. பொதுவான சட்டத்தை மிம்பரில் கூறலாம், தஃலீமில் கூறலாம். அந்தச் சபையில் யாருடைய வீட்டை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தும் அந்த வாரத்தில் அந்தத் தலைப்பை எடுப்பது உபதேசமாகாது.

அன்றியும், ஊரின் ஏச்சுக்குப் பயந்தவள் பாவத்தை விட்டுவிடுவதில்லை, டாக்டரைத்தான் விட்டுவிடுகிறாள். யாருக்கும் தெரியாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, இரத்தம் நிற்காமல் உயிரை விடும் நிலை வருகிறது. ஸ்கேன் பார்க்காமல் விழுங்குவதால், குழாயில் தரித்த கர்ப்பம் உள்ளே வெடிப்பதும் உண்டு. அம்மாத்திரைகள் டாக்டரின் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டியவை.

பழிச்சொல் சட்டமாகவே மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் கண்டிருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனாவர், 31 வயது, அயர்லாந்தில் 17 வாரக் கர்ப்பத்தில் கரு தங்காது என்று உறுதியான பின்னும், சிசுவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்று கலைக்க மறுக்கப்பட்டு, இரத்தத்தில் விஷம் ஏறி 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொல்லப்பட்டது விசாரணையில் வெளிவந்தது. 2018 மே மாதத்தில் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அச்சட்டப்பிரிவை நீக்கினர். அவர்கள் பின்னர் இயற்றிய சட்டம் முழுவதும் நமக்கு உடன்பாடானதல்ல. ஆனால் கிளைக்காக வேர் வெட்டப்பட்ட கதை அது.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 2021இல் அது திருத்தப்பட்டது. நாட்டுச் சட்டம் அனுமதிப்பது எல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடாது. ஆயினும் அத்திருத்தத்தில் ஒரு பிரிவு நம் கவனத்துக்குரியது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் டாக்டர், சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவருக்கும் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். டாக்டரின் நாவுக்குச் சர்க்கார் பூட்டுப் போட்டுவிட்டது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸை மனப்பாடமாக வைத்திருக்கும் நாம்தான் திறந்த வாயோடு இருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு

சகோதரியே, முதலாவதாகத் தொழுகைக்குத் திரும்புங்கள். உங்கள் தொழுகை கபூலா இல்லையா என்பதைக் கூற எந்த மனிதருக்கும் அதிகாரமில்லை. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன் தனக்குத் தவ்பா உண்டா என்று கேட்ட ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. இல்லை என்று அவனுக்குச் சொன்னவர் ஒரு துறவி. உனக்கும் தவ்பாவுக்கும் இடையில் யார் நிற்க முடியும் என்று சொன்னவர் ஓர் ஆலிம். முதலாமவர் வணக்கசாலிதான், ஆனால் இல்மு இல்லாதவர். நம் தெருக்களிலும் இத்தகைய தீர்ப்புகள் பெரும்பாலும் தஸ்பீஹ் கையிலுள்ளவர்களிடமிருந்துதான் வருகின்றன. பாவங்கள் அனைத்தையும் மன்னிப்பவனின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று 39:53 அறிவிப்பது, தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டவர்களை நோக்கித்தான்.

உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊராருக்கு விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அல்லாஹ் மறைத்ததைத் தானே வெளியே சொல்லித் திரிவதுதான் கண்டிக்கப்பட்டது. கேட்பவரிடம், 'உடம்பு சரியில்லாமல் இருந்தது, துஆ செய்யுங்கள்' என்று கூறிவிடுங்கள். அதில் பொய் இல்லை.

உங்கள் செயல் பாவமானதா, காரணத்தால் அனுமதிக்கப்பட்டதா, கஃப்பாரா உண்டா என்பதை நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் மட்டும் தனியே, மஹ்ரமான ஒருவரைக் கொண்டோ எழுத்து மூலமாகவோ கேளுங்கள். எத்தனை நாள் கர்ப்பம், டாக்டர் கூறியது என்ன, யார் வற்புறுத்தினார்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறுப்புகள் உருவான சிசுவாக இருந்து காரணமின்றிக் கலைத்திருந்தால் குர்ராவின் சட்டம் வரும். கஃப்பாராவை ஷாஃபிஈ மத்ஹபு கடமை என்கிறது, ஹனஃபீ மத்ஹபு விரும்பத்தக்கது என்கிறது. அடிமை இல்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரண்டு மாத நோன்பாகும். எல்லோருக்கும் இது பொருந்தாது. கேட்காமல் நீங்களே உங்கள்மேல் சுமத்திக்கொள்ளாதீர்கள்.

தொழுகைக்குத் திரும்புவதற்கு இரத்தத்தின் சட்டம் தெரிய வேண்டும். இதில்தான் பலர் குழம்புகின்றனர். ஹனஃபீ மத்ஹபில், வெளியான சிசுவுக்கு விரல், நகம், முடி போன்ற ஏதேனும் உறுப்பு தெரிந்திருந்தால் வரும் இரத்தம் நிஃபாஸ். அதிகபட்சம் 40 நாள். உறுப்பு ஏதும் தெரியாவிட்டால் நிஃபாஸ் அல்ல. அதற்கு முன் 15 நாள் சுத்தமாக இருந்து, இரத்தம் மூன்று நாளுக்குக் குறையாமல் வந்தால் ஹைளு. இல்லையேல் இஸ்திஹாளா, அதில் தொழுகையை விட முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில், வெளியானது சதைக்கட்டியானாலும் இரத்தக்கட்டியானாலும் அது மனிதப் படைப்பின் மூலம் என்று அறிந்த பெண்கள் சொன்னால் நிஃபாஸ்தான். அதிகபட்சம் 60 நாள். இரண்டு மத்ஹபிலும் நிஃபாஸுக்குக் குறைந்த அளவு கிடையாது. ஐந்தாம் நாளே இரத்தம் நின்றால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். நாற்பது முடியட்டும் என்று காத்திருப்பது நம் பெண்கள் பலரிடமும் உள்ள தவறான வழக்கம். காத்திருந்தவர்கள் அந்நாட்களைக் களாச் செய்ய வேண்டும்.

தூக்கம் வராமல், பிள்ளை அழுவது போல் காதில் கேட்டு, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை ஈமானின் குறைவென்று எண்ணி மறைக்காதீர்கள். அது வைத்தியத்துக்குரியது. 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மற்றவர்களுக்கு

பச்சைப் பிள்ளையை அவளிடம் கொடுத்தால் தோஷம் வரும் என்பது நம் மார்க்கத்தில் இல்லாத சகுனம். சகுனத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அடியோடு மறுத்திருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது இட்டுக்கட்டப்பட்டபோது, அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மனைவியருள் ஆயிஷா (ரலி) அவர்களுக்குச் சமமாகப் போட்டியிட்டவர் அவர்தாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால், என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், நல்லதைத் தவிர வேறெதையும் நான் அறியேன் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். அவர்களுடைய சொந்தச் சகோதரி ஹம்னாவோ பேசியவர்களோடு சேர்ந்துவிட்டார். ஒரே வீட்டில் பிறந்த இரு பெண்கள். தெருவில் அந்தப் பேச்சு வரும்போது நாம் யாருடைய பதிலைச் சொல்கிறோம் என்று மாமியார்மார்களும் நாத்தனார்மார்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆண்களுக்கும் ஒன்று. பெண் சிசு என்று தெரிந்து கலைக்கச் சொன்ன கணவரும், மகன் வேண்டும் என்று மருமகளை நெருக்கிய மாமியாரும் இருக்கிறார்கள். வயிற்றிலுள்ளது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படிக் குற்றம். பெண் குழந்தை என்ற செய்தி கேட்டு முகம் கறுத்தவனைத் திருமறை 16:58இல் இழித்துரைக்கிறது. இதே தமிழ்நாட்டில் பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது என்பதை மறந்துவிட முடியாது. இத்தகைய கருக்கலைப்பில் மருத்துவமனைக்குப் போனது அவள் கால், தீர்மானித்தது வேறொருவர் வாய். பழியை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டு முதல் ஸஃப்பில் நிற்பவர் தம் தவ்பாவைத் தாமே செய்துகொள்ள வேண்டும். அவளிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மனிதரின் உரிமை அம்மனிதர் மன்னிக்காமல் தீராது. அவளைப் பற்றிப் பேசியவர்களுக்கும் இதுவே சட்டம். அவள் காதுக்கு எட்டியிருந்தால் அவளிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்க வேண்டும். எட்டாதிருந்தால், எந்தச் சபையில் பேசினார்களோ அதே சபையில் அவளைப் பற்றி நல்லது கூறி, அவளுக்காக இஸ்திக்ஃபார் செய்ய வேண்டும்.

ஜமாஅத்தாருக்கு: கருக்கலைப்பு விஷயம் நிர்வாகக் கூட்டத்தில் எடுக்கப்பட வேண்டிய பொருளல்ல. குடும்பத்துக்குள் தகராறு வந்து, பாதிக்கப்பட்டவரே முறையிட்டால், முத்தவல்லியும் ஆலிமும் தனியே விசாரிக்கலாம், பெண்ணின் பேச்சைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. குறைச்சிசுவை அடக்கக் கபுருஸ்தானுக்குக் கொண்டுவந்தால், எப்படிக் கலைந்தது என்று வாசலில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். உயிரின் அடையாளத்துடன் வெளியாகிப் பின் இறந்திருந்தால் பெயரிட்டு, குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழ வேண்டும். உயிரின் அடையாளம் இல்லாமல் உறுப்புகளுடன் வெளியாகியிருந்தால் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, தொழுகையின்றி அடக்கலாம். உருவாகாத சதைக்கட்டியைத் துணியில் பொதிந்து மண்ணில் புதைத்துவிட்டால் போதும். இதற்குத் தகப்பனும் குழி வெட்டுபவரும் இருந்தாலே காரியம் முடிந்துவிடும். புத்தகத்தில் பதியக் காரணம் கேட்கும் வழக்கமிருந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.